நாலு மூலைக் காசு: சிங்கப்பூரில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வெள்ளி

பெட்டியில் துணிமணிக்கு முன்னால் நான் எடுத்து வைத்தது பதினொரு காகித உறைகள். உள்ளங்கையில் பாதி அளவு இருக்கும், பழுப்பு நிறம். ஒவ்வொன்றின் மேலும் நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, விலை என்று அண்ணன் கையெழுத்து. அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டது சிங்கப்பூரில் பழைய நாணயக் கடை வைத்திருந்த ஒருவரை. உள்ளே காசு எதுவும் இல்லை. காசுகள் தஞ்சாவூரில் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தை நம்மைப் போன்ற தனியாட்கள் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது. இதே சிங்கப்பூரில் அண்ணனிடம் காசு கொடுத்து வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவைதான் அவை. இருந்தாலும் அந்தச் சிக்கலில் கைவைக்க மனமில்லை. அண்ணனும் அதை விரும்பியிருக்க மாட்டார். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சோழர் காசை யாராவது கொண்டுவந்தால் கையில் தொடாமலே திருப்பி அனுப்பியவர் அவர்.

அண்ணன் தவறி இன்றோடு பதின்மூன்று நாள். ஞாயிறு இரவு, தூக்கத்திலேயே. வயது எழுபத்தொன்பது. முப்பது வருடமாக அவர் கடைக்குப் போய்வரும் ஒரு சீனப் பெரியவர்தான் எனக்குத் தகவல் அனுப்பினார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடையின் ஷட்டர் மூடியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். புரிந்துவிட்டது.

விசா வர எட்டு நாள் ஆனதால் சாவுக்குப் போக முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்காவது நிற்க வேண்டும் என்று டிக்கெட் போட்டேன். பெரியவர் மறுபடி ஒரு செய்தி அனுப்பினார்: "தவுக்கே எழுதிய உறை எத்தனை இருக்கிறதோ அத்தனையும் கொண்டு வா."

அண்ணன் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பம் அமைதியாக இருக்க விரும்புகிறது. எங்களுக்குள்ளும் அவர் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. தமிழர்களுக்கு அண்ணன், சீனர்களுக்குத் தவுக்கே, அதாவது முதலாளி, மலாய்க்காரர்களுக்குப் பாக் சிக், அதாவது மாமா.

திருச்சியிலிருந்து இரவு விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாங்கியில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறேன். 2008-இலிருந்து 2014 வரை இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கூடும் தேக்காவில் இறங்கி ஒரு கடையில் கோப்பி குடித்தேன். மீதி சில்லறையாக வந்தது. ஒரு வெள்ளிக் காசைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் சிங்கத்தலை மீன், மறுபக்கம் நாலு மொழியில் நாட்டின் பெயர். அதில் நம் எழுத்தில் "சிங்கப்பூர்".

இங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், சென்ட்டைக் காசு என்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது விநோதமாக இருந்தது. காரணத்தை அண்ணன் வாயால் சொல்லவில்லை. 1903-ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த அன்றைய ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதி) டாலர் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். 26.95 கிராம். ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு அசல் வெள்ளி. ஒரு முகத்தில் ஏழாம் எட்வர்டு, மறுமுகத்தில் கோலம் போட்டது மாதிரி கோடுகளுக்கு நடுவே சீனத்திலும், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியிலும் மதிப்பு. அடித்தது பம்பாய் நாணயச் சாலையில். கை தாழ்ந்தது. "கனம் தெரியுதா? இதான் வெள்ளி," என்றார். உலோகம் போய்விட்டது, பேர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இரண்டாம் நாள், சனி

அண்ணனின் கடை சிட்டி ஹால் பக்கம் ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. எட்டுக்குப் பத்தடி இருந்தால் அதிகம். கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று முக்காலி. சனிக்கிழமை மதியம் அந்த மூன்று முக்காலிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம்.

இன்றும் வந்திருந்தார்கள், மூடிய ஷட்டருக்கு முன்னால். ஷட்டரின் அடியில் யாரோ வெள்ளைச் சாமந்திக் கொத்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு டப்பாவில் கோப்பி ஓ, அதாவது பாலில்லாக் கோப்பி, சர்க்கரையும் இல்லாமல், அண்ணன் குடிப்பது போலவே. ஒருவரும் பேசவில்லை. பிறகு பெரியவர் சொல்லி எல்லோரும் கீழே கோப்பிக் கடைக்குப் போனோம்.

இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அவரவர் உறைகளை எடுத்து வைத்தார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். பெரியவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். நீரிணைக் குடியேற்றச் செப்புக் காசுகளை மட்டும் சேர்ப்பவர். புதிதாக ஒரு நீளப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். எந்தக் காசு எந்த வீட்டிலிருந்து வந்தது, யாரிடம் போனது என்பதையெல்லாம் அண்ணன் மனதில்தான் வைத்திருந்தார். கேட்டால் சொல்வார்: "இது ஈப்போவில ஒரு பல் டாக்டர் வீட்டுது. அவர் பையன் வித்தான்." அந்த நினைவு போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்த உறைகளில் உள்ள கையெழுத்துதான். அதையாவது ஓரிடத்தில் எழுதி வைப்போம் என்பது அவர் யோசனை. வெளியாட்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஒரு காசு எந்தெந்தக் கை மாறி வந்தது என்று தெரிந்தால்தான் அது அசலா, களவா, போலியா என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். அந்தத் தொடர் ஒருமுறை அறுந்தால் பிறகு ஒட்டாது.

பேச்சு மெதுவாகத்தான் எழுந்தது. ஒரு மலாய் ஆசிரியர், ஜப்பானியர் காலத்து நோட்டுகளைச் சேர்ப்பவர், தன் பாட்டியின் பெட்டியில் கிடைத்த வாழைமர நோட்டுக் கட்டைக் கொண்டுபோன கதையைச் சொன்னார். 1942-இலிருந்து 1945 வரை இங்கே புழங்கிய பணம் அது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருக்கும். போர் முடிந்த அன்றே வெறும் காகிதமானது. அண்ணன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாராம். கட்டில் பாதியில் தொடர் எண் கிடையாது, எழுத்து மட்டும். பிற்காலத்தில் கணக்கே இல்லாமல் அச்சடித்த நோட்டுகள் அப்படித்தான் இருக்கும். "விலை போகாது, பாட்டி எதுக்கு வச்சிருந்தாங்கன்னு போய்க் கேளு," என்று வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டு வாடகைக்கு அந்த விற்பனையை நம்பிப் போன ஆசிரியருக்கு அன்று கோபம். பாட்டி அடுத்த வருடம் இறந்தார். பாட்டி சொன்ன கதை மட்டும் ஆசிரியரிடம் இருக்கிறது. அதை எங்களிடம் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெரியவர் பத்து வணிக டாலர் கதையைச் சொன்னார். எனக்கும் அது நேரில் தெரியும். ஒருவர் தன் அப்பா விட்டுப்போன பத்து பிரிட்டிஷ் வணிக டாலர்களைக் கொண்டுவந்தார். திரிசூலமும் கேடயமும் பிடித்துப் பிரித்தானியா நிற்கும் வெள்ளிக் காசு அது. 1895 முதல் அடித்தார்கள், பெரும்பாலும் பம்பாயில். போலிகள் கொட்டிக் கிடக்கும் இனம். அண்ணன் தராசை எடுத்தார். முதல் காசு 21 கிராம் சொச்சம். அசல் 26.95. இரண்டாவதும் குறைவு. மூன்றாவதை நிறுக்கவில்லை. விளிம்பைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க," என்றார். வரிகளுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடியது. அச்சால் அடித்த காசில் அது வராது. இரண்டு அரை அச்சைச் சேர்த்து வார்த்தால்தான் வரும். பத்தும் அப்படியே. வந்தவர் முகம் கறுத்தது. "உங்கப்பா ஏமாந்தாரா, ஏமாத்தினாரான்னு நினைக்காதீங்க. ஆசைப்பட்டு வாங்கியிருக்காரு, அவ்வளவுதான்," என்று அண்ணன் சொன்னார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் போனார். நாலு மாதம் கழித்து வந்து ஓர் அசல் டாலரை வாங்கி அந்தப் பத்தோடு வைத்துக்கொண்டார்.

கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, எழுபதுக்கு இத்தனை மதிப்பெண் என்று சான்று தருகிற அமெரிக்க நிறுவனங்கள் வந்துவிட்ட காலம் இது. அண்ணன் அவற்றைப் பழித்ததில்லை. விலை உயர்ந்த காசுக்கு அது தேவைதான் என்பார். ஆனால் அந்தப் பெட்டி எண்ணைச் சொல்லும், உங்கப்பா ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார் என்று சொல்லாது.

பிறகுதான் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் ஓய்வு பெற்ற தாதி (நர்ஸ்) நெற்றிக்காசைப் பற்றிச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அடுக்குமாடி புளோக்குக்குக் கீழதான் வச்சிருந்தோம். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசியாச்சு. காரியம் பண்ண வந்தவரு நெத்திக்காசு குடுங்கன்னாரு. சுத்தி நாப்பது பேரு நிக்கிறோம். அத்தனை பேர் வீட்லயும் பெட்டி பெட்டியா காசு. ஒருத்தர் சட்டைப் பையிலயும் ஒரு காசு இல்ல தம்பி. எல்லாம் கார்டு, எல்லாம் போனு. மகள் வீட்டுக்கு ஓடுது, மருமகன் கடைக்கு ஓடுறாரு. அப்ப ஒரு சீனப் பையன், தேசிய சேவையில, பட்டாளத்துல இருக்கான், பச்சை உடுப்போட நேரா வந்திருந்தான். பர்ஸ்ல இருந்து ஒன்னு எடுத்து நீட்டுறான். சதுரக் காசு."

எல்லோருக்கும் தெரியும் அந்தக் காசு. கடைக்கு முதல் தடவை வரும் எந்தக் குழந்தைக்கும் அண்ணன் ஒரு நாலு மூலைக் காசு கொடுப்பார். மலாயாவின் ஒரு சென்ட், வெண்கலம், மூலைகள் வழவழப்பாக உருண்டிருக்கும். ஒரு டப்பா நிறைய வைத்திருப்பார். அதில் 1943 என்று ஆண்டு போட்டதைத் தேடி எடுப்பார். கொடுக்கும்போது குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்பார்: "1943-ல இங்க யாரு ஆண்டாங்க?" ஜப்பான். "அப்ப இந்த ராஜா தலையை யாரு அடிச்சா?" தன் கையில் இல்லாத ஊருக்கு ஆங்கிலேயன் காசு அடித்து வைத்துக் காத்திருந்தான். அந்தக் கதை மூன்று நிமிடம். குழந்தை வாயைத் திறந்தபடி கேட்கும்.

"காரியக்காரர் தயங்குறாரு, சதுரமா இருக்கேங்கிறாரு. மகள் வந்து பாத்துச்சு. எங்கப்பா குடுத்த காசு, வைங்கன்னுச்சு. சந்தனத்தைத் தொட்டு, ஒன்னுங்கிற எண்ணு மேல தெரியிற மாதிரி வச்சோம். நெத்தியில நாலு மூலையும் தெரிஞ்சுது. மண்டாய் சுடுகாட்டுல மூடுறதுக்கு முன்னாடி மகள் எடுத்து அவன்கிட்ட குடுக்கப் போச்சு. கூடப் போகட்டும்னுட்டான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் அங்கே நின்றவர்தான். தன் நெற்றியில் ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் வீரமாகாளியம்மன் கோயில். பிறகு சுங்கை ரோடு.

சுங்கை ரோடு என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றுமில்லை. 1930-களிலிருந்து தரையில் சாக்கு விரித்துப் பழைய பொருள் விற்ற சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. திருட்டுச் சந்தை என்று பேர் இருந்தாலும் நான் பார்த்தவரை விற்றவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பழைய கடிகாரம், செருப்பு, ரேடியோ, ஒரு தட்டில் காசு. ஜாலான் புசார் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, சாக்கு விரித்திருந்த இடம் எது என்று குறிவைத்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

2009-இல் இங்கேதான் எனக்கு முதல் காசு அமைந்தது. நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு சென்ட், 1901, விக்டோரியா ராணி தலை. இரண்டு வெள்ளி. கறுப்பேறிக் கிடந்தது. தங்குமிடத்துக்குக் கொண்டுபோய், எங்கள் அறைச் சமையலுக்கு வைத்திருந்த புளியைக் கரைத்து ஊறப்போட்டு, சாம்பலால் தேய்த்தேன். நம் வீட்டுப் பித்தளை விளக்கு மாதிரி பளபளத்தது. அறையில் இருந்த பதினாறு பேருக்கும் காட்டினேன். அடுத்த ஞாயிறு ஒருவர் சொல்லி அண்ணன் கடைக்கு எடுத்துப்போனேன், நல்ல விலை சொல்வார் என்று.

அவர் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். பார்த்தார். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். ராணியின் கன்னம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள், நான் தேய்த்த திசையிலேயே. கொண்டை வழுக்கையாகியிருந்தது. அவர் திட்டவில்லை. மேசைக்குக் கீழிருந்து அதே 1901 காசு ஒன்றை எடுத்து வைத்தார். காப்பிக்கொட்டை நிறம். அந்தப் பழுப்புக்குள் கொண்டையின் ஒவ்வொரு பின்னலும் நின்றது.

"இது நூறு வருஷம் காத்துல பட்டு வந்த நிறம். செம்பு தனக்குத்தானே போட்டுக்கிட்ட சட்டை. பச்சையாப் பூக்கிற களிம்புதான் நோய், இது நோய் இல்ல," என்றார். பிறகு அந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வைத்து என்னிடம் நீட்டினார். தினமும் பார்க்கச் சொன்னார். இரண்டாவது காசுக்குப் பணம் வாங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு காசையும் நான் துலக்கியதில்லை. என்னிடம் பழைய காசோடு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது, "புளி போட்டீங்களா?" என்பதுதான். இதைப் படிப்பவர்கள் வீட்டில் பாட்டி பெட்டி இருந்தால் தயவுசெய்து புளியைத் தூர வையுங்கள். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள். சில வருடத்தில் அது கசிந்து காசின் மேல் பச்சைப் பிசுக்காக ஒட்டும். அமிலம் இல்லாத காகிதம் போதும். அண்ணன் பழுப்பு உறைகள் அப்படிப்பட்டவைதான்.

மாலையில் தேக்காவைச் சுற்றி அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோவில் பேசுகிற பையன்கள். ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். சிவகங்கைப் பக்கமாம். அவனிடம் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், திங்கள்

பதினாறாம் நாள் காரியம் வீட்டிலேயே. ஈசூனில் வீவக (அரசு வீட்டு வசதிக் கழக) புளோக், ஒன்பதாம் மாடி. படத்துக்கு மாலை. இலையில் சோறு, பருப்பு, வடை, பாயசம், அவருக்குப் பிடித்த மீன் சம்பால். விளக்குக்குப் பக்கத்தில் அவருடைய கண்ணாடியும் கைத்தராசும். பெரியவரும் ஆசிரியரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பச்சை உடுப்புப் பையன் வரவில்லை, முகாமில் இருக்கிறானாம்.

சாப்பாடு முடிந்ததும் நான் உறைகளை எடுத்து மகளிடம் காட்டினேன். அவர் முன்பக்கத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினார். பின்னால் பென்சிலில் எப்போதும் ஒன்றிரண்டு எழுத்து இருக்கும்: "உஅ", "சரு", "கஉ" என்கிற மாதிரி. அலமாரி அடையாளம் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

"இது எழுத்து இல்லீங்க, எண்ணு. தமிழ் எண்ணு," என்றார்.

அண்ணனின் அப்பா மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். செட்டியார்களின் வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த தெரு அது. ஒரே கூடத்தில் பல கடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு மேசைப்பலகை. கணக்கெல்லாம் தமிழ் எண்ணில். அப்பாவிடம் அண்ணன் கற்றது அதுதான். கொள்முதல் விலையை ஒவ்வொரு உறையின் பின்னாலும் அப்படி எழுதி வைத்திருக்கிறார். வாங்க வருபவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. ௧ பார்க்க க மாதிரி, ௨ உ மாதிரி, ௪ ச மாதிரி, ௫ ரு மாதிரி, ௮ அ மாதிரி.

பதினொன்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். ஏழு உறையில் நியாயமான லாபம். வணிக டாலர், முன்னால் 75, பின்னால் ௪௫. நல்ல லாபம், அது வியாபாரம், அவருக்கும் வாடகை உண்டு. மீதி மூன்று வேறு மாதிரி இருந்தன.

அதில் ஒன்று இருபது காசு, 1808. எனக்கு மிகப் பிடித்த காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமின் சோஹோ நாணயச் சாலையில் அடித்த செப்பு. கேஷ் என்று அவர்கள் எழுதியது நம் காசைத்தான். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீகம். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில்தான் முக்குளிப்பவர்கள் எடுத்தார்கள். சென்னைக்குப் போகவேண்டிய காசு நூற்றெழுபது வருடத்துக்கு மேல் கடலில் கிடந்து, எப்படியோ சிங்கப்பூர் வந்து, என் கையால் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது.

நான் அதைப் பார்த்தது 2010-இல். அந்த வருடம் எங்கள் ஒப்பந்தக்காரர் இரண்டு மாதச் சம்பளத்தை இழுத்தடித்தார். வாங்கும் எண்ணத்தில் போகவில்லை. கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி மேசையில் வைத்தேன். விலை என்ன என்று கேட்டது வாய்ப்பழக்கம். அண்ணன் உறையை எடுத்து அந்த இடத்திலேயே பேனாவால் எழுதினார். இருபது வெள்ளி, மாசம் அஞ்சாக் குடு.

முன்பக்கம் 20. பின்பக்கம் ௨௮.

மகளிடம் எதுவும் சொல்ல வரவில்லை. அவரும் படித்துவிட்டார். உறையை என் பக்கம் நகர்த்திவிட்டு, தண்ணீர் எடுத்து வர எழுந்து போனார். பெரியவர் தன் உறைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தார். முப்பது வருடத்து உறைகள். ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டி எண்ணைக் கேட்டார். நான் படிக்கப் படிக்க நீளப் புத்தகத்தில் எழுதினார். சில இடங்களில் சிரித்தார், தன்னிடம் நன்றாகத்தான் லாபம் பார்த்திருக்கிறார் என்று. ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தார். என்ன காசு என்று நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது மகள் ஒரு சிவப்பு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தங்குமிடத்தில் அலமாரிப் பூட்டு நிற்காது. அதனால் எங்களைப் போன்றவர்கள் வாங்கிய காசை அண்ணன் அந்த டின்னில் அவரவர் பேர் போட்டு வைத்திருப்பார். ஊருக்குப் போகும் நாளில் வாங்கிக்கொள்வோம். என் காசுகளும் ஐந்து வருடம் அதில் இருந்தவைதான்.

இப்போது அதில் ஒரே ஒரு கட்டு. ஆறு உறைகள், ரப்பர் வளையம். மேலே ஒரு சீட்டு: "முழுப் பணமும் கட்டிவிட்டார். வந்தால் கொடுக்கவும். 2016." கீழே பேர், அறந்தாங்கிப் பக்கம் ஓர் ஊர், ஒரு தொலைபேசி எண். எண் இப்போது வேலை செய்யவில்லை. அண்ணன் பல தடவை கூப்பிட்டுப் பார்த்தாராம். அந்தப் பேர் எனக்குத் தெரியாது, நான் போன பிறகு வந்தவன்.

"அப்பா இதைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. உங்க ஊருக்குப் பக்கமா?" என்றார்.

பக்கம்தான் என்றேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

காலையில் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு நடந்தேன். கிட்டங்கிகள் எப்போதோ நகரச் சீரமைப்பில் போய்விட்டன. கண்ணாடிக் கட்டடங்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்டபடி வேலைக்கு ஓடுகிறவர்கள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் பெரியவரோடு உட்கார்ந்து டின்னில் உள்ள ஆறு காசுக்கும் பட்டியல் எழுதினோம். பேர், ஆண்டு, எடை, விலை, படம், இரண்டு பிரதி. மகள் கையெழுத்துப் போட்டார். திருச்சியில் சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். ஆறில் நாலு சாதாரணச் செப்பு. ஒன்று 1967-இன் முதல் சிங்கப்பூர் ஒரு வெள்ளி, சிங்கம் போட்டது. கடைசியாக ஒரு நாலு மூலைக் காசு, 1943. அதன் உறையில் விலை இல்லை. "பையனுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது.

சாங்கியில் பெட்டிச் சோதனையில் டின்னைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். சதுரக் காசை உறையோடு தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இது எந்த ஊர்க் காசு என்றார். இந்த ஊர்க் காசுதான் என்றேன். 1943-இல் இங்கே யார் ஆண்டார்கள் என்று கேட்டேன். பின்னால் வரிசை நின்றது. ஆனாலும் அவர் யோசித்தார்.

இதை எழுதும்போது விமானத்தில் இருக்கிறேன், டின் மடியில். விடிந்ததும் தஞ்சாவூர் போகவில்லை. திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ், அங்கிருந்து அறந்தாங்கி. சீட்டின் பின்னால் அண்ணன் பென்சிலில் வழி எழுதி வைத்திருக்கிறார்: மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து, ௪-ஆவது வீடு.